மறு: கறுப்புக் காரில் தெரியும் வட்டக் கோடுகளுக்கு என்ன சொல்? ‘சுழல்கீறல்’ ஏன் வேண்டாம்?

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

> புதுக் கார் வாங்குவோருக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். வெயில் பட்டால் மேற்பூச்சில் சிலந்திவலை போலத் தெரியும் மெல்லிய கோடுகளைச் ‘சுழல்கீறல்’ எனலாமா?

ஐயாவின் இந்தக் கேள்விக்கு இதுவரை வந்த விடைகள் மூன்று: சுழல்கீறல், வலைக்கீறல், மயிர்க்கீறல். முதலாவதற்குத்தான் ஆதரவு கூட. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தை அண்ணாவின் காரிலிருந்து தொடங்குகிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அதன் பிறகு அண்ணா, பல வருடம் சேர்த்த காசில் ஒரு கறுப்புக் கார் எடுத்தார். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில். விடியப்புறம் எழும்பி, இரவு படிந்த தூசியைப் பழைய சாரத்துணி ஒன்றால் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் இரவு உட்துறைமுக வீதியில் தெருவிளக்குக்குக் கீழே காரை நிறுத்தினோம். பொனற்றில் (எஞ்சின் மூடியில்) தெரிந்த விளக்கைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், வட்டம் வட்டமாக. அண்ணாவின் முகம் வாடிவிட்டது. “நான் வட்டமாத் துடைக்கல்லையே, நேராத்தானே இழுத்த நான்” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. ‘சுழல்கீறல்’ என்ற சொல் அவரைப் பொய்யராக்குகிறது.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். இருட்டில் ஒரு டோர்ச்சை எடுத்துப் பொனற்றின் மேல் பிடியுங்கள். வட்டங்களின் நடுவில் டோர்ச்சின் விம்பம் இருக்கும். டோர்ச்சை ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் வட்டங்களும் கூடவே நகரும். கீறல்கள் உண்மையாகவே வட்டமாக இருந்தால் அவற்றின் நடு எப்படி நகரும்? கீறல்கள் நேராகவும் சரிவாகவும் குறுக்கும் மறுக்குமாக எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றுள் விளக்கின் விம்பத்தைச் சுற்றி வளைந்து போகும் போக்கில் கிடப்பவை மட்டுமே ஒளியை எங்கள் கண்ணுக்குத் தெறிக்கச் செய்கின்றன. மற்றவை ஒளியை வேறு பக்கம் அனுப்பிவிடுகின்றன. கண்ணில் பட்ட துண்டுகளை மட்டும் சேர்த்துப் பார்ப்பதால் அது வட்டமாகிறது. மழை விட்ட இரவில், நனைந்த மரக்கிளைகளுக்கு ஊடாகத் தெருவிளக்கைப் பாருங்கள். கிளைகளெல்லாம் விளக்கைச் சுற்றி வளைத்துக் கட்டியதுபோல மினுங்கும். மரம் அப்படி வளரவில்லை. நாள்பட்ட சில்வர் தட்டை வெயிலில் பிடித்தாலும் இதே காட்சிதான்.

ஆக வட்டம் ஒளிக்குரியது, கீறல் பூச்சுக்குரியது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிற சொல்தான் நமக்குத் தேவை. நான் முன்வைப்பது ஒளிவட்டக்கீறல்.

‘பெயரில் என்ன, ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள்’ என்று சென்ற மடலில் அக்கா எழுதியிருந்தார். அக்கா, இங்கே பெயர் பிழைத்தால் வேலையும் பிழைக்கும். சுழல்கீறல் என்று கேட்டவர், சுழற்றித் துடைத்ததுதான் குற்றம், நேராக இழுத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பார். கோடு போடுவது கை போகும் திசை அல்ல, துணிக்கும் பூச்சுக்கும் நடுவில் அகப்பட்ட மணல். திருகோணமலையில் அதற்குக் குறைவில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தைப் பிடித்து அந்தத் தூசியை ஒட்ட வைக்கும். நிலாவெளிப் பக்கம் போய் வந்தால் கதவடியில் கடற்கரை மணல். இன்னும் வடக்கே புல்மோட்டை மணலில் இல்மனைட், சிர்கன் என்ற கனிமங்கள் எல்லாம் உண்டு. சிர்கன் சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸைவிடவும் கடினமானது. அப்படிப்பட்ட மணலை உலர்ந்த துணியால் எந்தத் திசையில் இழுத்தாலும் கோடு விழும்.

‘சுழல்’ என்ற சொல்லைச் சேமித்து வைக்க இன்னொரு காரணமும் உண்டு. அதை அண்ணாவின் கார்தான் எங்களுக்குக் காட்டியது. கோடுகளைக் கண்ட பிறகு நகரில் ஓர் இடத்தில் ‘கட் அன்ட் பொலிஷ்’ செய்யக் கொடுத்தோம். வேகமாகச் சுழலும் மெஷினால் தேய்த்துத் தந்தார்கள். நிழலில் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த நாள் வெயிலில், மெஷின் போன வழியெல்லாம் புகைபோல ஒரு தடம், பார்க்கும் கோணம் மாற மாற அசைந்தது. அது உண்மையாகவே சுழற்சியால் வந்த தடம். அதற்குத்தான் சுழல்தடம் என்ற பெயர் பொருந்தும். ஒன்று கையால் துடைத்ததில் வந்தது, மற்றது மெஷினால் வந்தது. வாடிக்கையாளர் கராஜில் நின்று ‘நான் ஒளிவட்டக்கீறலோடு தந்தேன், நீங்கள் சுழல்தடத்தோடு தருகிறீர்கள்’ என்று சொல்ல முடிந்தால், யார் எதற்குப் பொறுப்பு என்பது அந்த இடத்திலேயே தெளிவாகும். அண்ணாவிடம் அன்றைக்கு அந்தச் சொற்கள் இருக்கவில்லை. “என்னவோ மாதிரி இருக்கு” என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது.

மற்ற இரண்டு முன்மொழிவுகள் பற்றிச் சுருக்கமாக. வலைக்கீறல் காட்சிக்குப் பொருத்தம், ஆனால் பெயின்ட் வெடித்து வலைபோலப் பிளப்பதற்கும் அதே சொல் வந்துவிடும். மயிர்க்கீறல் தடிப்பை மட்டும் சொல்கிறது.

பரிவேடம், ஊர்கோள் என்ற பழைய சொற்களையும் யோசித்துப் பார்த்தேன். நிலாவைச் சுற்றித் தெரியும் வட்டத்துக்கு உரியவை, அழகானவை. ‘அகல் வட்டம் பகல் மழை’ என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வட்டம் உயரத்து முகிலின் பனிப்பளிங்குகளில் ஒளிமுறிவால் வருவது. இங்கே நடப்பது தெறிப்பு. வானிலையாளரின் சொல்லை எடுத்துக் கார் கழுவுபவரிடம் கொடுத்தால் இரண்டு பேருக்கும் குழப்பம்.

கையேட்டில் ‘கறுப்புக் கார் எளிதில் கீறுப்படும்’ என்று ஐயா எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். பெரும்பாலான வெள்ளைக் கார்களின் மேலேயும் அதே நிறமில்லாத பூச்சுத்தான், அதே அளவு கீறல்தான். வெள்ளை நிறம் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிப்பதால் கீறலின் மினுக்கம் அதற்குள் மறைந்துவிடுகிறது. கறுப்பு ஒளியை விழுங்குவதால் கீறல் மட்டும் தனித்துத் தெரிகிறது. ‘கறுப்பில் எளிதில் தெரியும்’ என்பதே சரி.

அந்த மேற்பூச்சை எங்கள் பெயின்ட் பாஸ்மார் (பெயின்ட் அடிக்கும் தொழிலாளர்) ‘கிளியர்’ என்பார்கள். தெளிபூச்சு என்று குழுவில் முன்பே ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்த சொல். அதன் தடிப்பையும் கையேட்டில் போடுங்கள்: பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோமீற்றர். நாம் எழுதும் தாளின் தடிப்பு ஏறத்தாழ 100. அரைத் தாள் தடிப்புள்ள ஒன்றைத்தான் ஒவ்வொரு ‘கட்’டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. இங்கே இன்னொரு சொற்சிக்கல். தேய்த்து எடுப்பதையும் மெழுகு பூசுவதையும் நாங்கள் ‘பொலிஷ்’ என்றே சொல்கிறோம். ஒன்று பூச்சைக் குறைக்கிறது, மற்றது அதன்மேல் இன்னொன்றைச் சேர்க்கிறது. முதலாவதைத் தேய்மெருகு என்றும் இரண்டாவதைக் காப்புமெழுகு என்றும் பிரிக்கலாம். மாதாமாதம் காப்புமெழுகு பூசினால் கார் நன்றாயிருக்கும். மாதாமாதம் தேய்மெருகு போட்டால் சில வருடத்தில் தெளிபூச்சே மிஞ்சாது.

கழுவும் முறையில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: தொடுவதற்கு முன் தண்ணீர். மேலிருந்து கீழாக நிறையத் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். கதவடியைக் கடைசியில், வேறு துணியால். நிலத்தில் விழுந்த துணி திரும்பக் காருக்கு ஆகாது. நிழலில் கழுவி உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கவும் வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு வைக்கும். கழுவினாலோ, தண்ணீர் கலந்த வினாகிரியாலோ போவது நீர்க்கறை. பூச்சை அரித்து உள்ளே இறங்கியது நீர்வடு. காக்காய் எச்சமும் வெயிலில் காய விட்டால் வடுவாகிவிடும்.

அண்ணாவின் காரை இப்போது வேறொருவர், மெதுவாக ஓடும் மெஷினால், முதலில் ஒரு சாண் இடத்தில் மட்டும் செய்து டோர்ச் அடித்துக் காட்டிவிட்டு, மிச்சத்தைச் செய்து தந்திருக்கிறார். ஆழமான சில கோடுகளை அப்படியே விடச் சொன்னார், தெளிபூச்சு முக்கியம் என்று. அவரிடம் ஒளிவட்டக்கீறல் என்ற சொல்லைச் சொன்னேன். டோர்ச்சை இரண்டு தரம் அசைத்துப் பார்த்துவிட்டு, “ஓம், லைட்டோட சேர்ந்துதானே வட்டம் ஓடுது” என்றார். நான் விளக்கம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஒற்று மிகுமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். ‘ஒளிவட்டக்கீறல்’ என்று சேர்த்தே எழுதியிருக்கிறேன். ‘நீர்வடு’வுக்கு மறுப்பு இருந்தால் ஐயா கையேட்டை அச்சுக்குக் கொடுக்குமுன் எழுதவும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து