‘என்ஹான்சர்’ என்பதற்கு ‘முடுக்குதளம்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. துணைவகைகளின் மரபணுப் படியெடுப்பு (டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாதல்) பற்றிய நம் கட்டுரையில் புரோமோட்டர் (படியெடுப்பைத் தொடங்கவைக்கும் டி.என்.ஏ. வரிசை), என்ஹான்சர் (படியெடுப்பை முடுக்கிவிடும் டி.என்.ஏ. வரிசை) இரண்டையும் ‘ஊக்குவிப்பான்’ என்றே குறித்துவிடலாம் என ஐயா ஒருவர் எழுதியிருந்தார். வேறு கட்டுரைகளுக்கு அது போதலாம்; இதற்குப் போதாது. துணைவகைகள் கண்கூடாக வேறுபடுவது என்ஹான்சரில்தான்.

வைரசின் மரபணுத்தொகுதி நம் உயிரணுவின் டி.என்.ஏ.வோடு இணைந்தபின், அதன் இரு முனைகளிலும் எல்.டி.ஆர். எனப்படும் ஒரே வரிசை அமைகிறது. படியெடுப்பு தொடங்கும் புள்ளிக்குச் சற்று முன்னே டாட்டா பெட்டி என்ற குறுவரிசையும் எஸ்.பி.1 புரதத்துக்குரிய மூன்று பிணைவிடங்களும் உள்ளன. இவை புரோமோட்டரைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் முன்னே, படியெடுப்பைத் தூண்டும் என்.எஃப். கப்பா-பி புரதம் பற்றும் பிணைவிடங்கள் உள்ளன, இதுவே என்ஹான்சர். டி.என்.ஏ. எழுத்துகளில் மூன்று ஜி, ஓர் ஏ, ஒரு சி, மூன்று டி, இரண்டு சி என்ற பத்தெழுத்து வரிசைதான் அப்பிணைவிடத்தின் வழக்கமான வடிவம். துணைவகை பியில் அது இரண்டு முறை வருகிறது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மேலோங்கியுள்ள துணைவகை சியில் பொதுவாக மூன்று. நான்கு கொண்டவையும் இந்தியாவில் பதிவாகியுள்ளன. தென்கிழக்காசியாவில் பரவலான ஏஇ என்ற வகையில் ஒன்றே எஞ்சியுள்ளது. மற்றோரிடத்தில் ஓர் எழுத்து விடுபட்டதால், அங்கே ஜி.ஏ.பி.பி. என்ற வேறொரு புரதம் பற்றுகிறது. சிங்கப்பூரில் பியும் ஏஇயும் பரவியிருப்பதோடு, அவ்விரண்டும் கலந்த மறுகலப்பு வகையொன்றும் இங்கு இனங்காணப்பட்டுள்ளதால், இவ்வேறுபாடு நம் வாசகர்களுக்கு அயலூர்ச் செய்தியன்று.

என்ஹான்சருக்கு அம்மையார் ஒருவர் முன்மொழிந்த ‘முடுக்கி’ பொருளில் நெருங்கி வருகிறது. ஆயினும் இகர ஈறு வினை செய்வதைச் சுட்டுகிறது. இங்கே வினை செய்வதோ புரதம். ஓய்ந்திருக்கும் டி-உயிரணுவில் (எச்.ஐ.வி. தொற்றும் நோயெதிர்ப்பு உயிரணு) என்.எஃப். கப்பா-பி, தடுப்புப் புரதமொன்றின் பிடியில் உட்கருவுக்கு வெளியே காத்திருக்கிறது. அழற்சிச் சமிக்ஞை வந்து பிடி தளர்ந்ததும் உட்கருவுக்குள் சென்று டி.என்.ஏ.வைப் பற்றுகிறது. இடம்பெயர்வது புரதம், இருந்த இடத்திலேயே இருப்பது வரிசை. இரண்டையும் முடுக்கி என்றால், ‘முடுக்கியில் முடுக்கி அமர்ந்தது’ என்று எழுதும் நிலை வரும். (தொடக்கக் கல்லூரியில் உயிரியலை ஆங்கிலத்தில் பயின்ற நம் இளையர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள், சிரிப்பதிலும் நியாயம் உண்டு.)

ஆகவே என்ஹான்சருக்கு முடுக்குதளம், புரோமோட்டருக்குத் தொடக்குதளம், புரதம் பற்றும் ஒவ்வோர் இடத்துக்கும் பிணைவிடம் என வகுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ‘முன்தளம்’ என்ற மாற்று யோசனை எச்.ஐ.வி.க்குப் பொருந்தினாலும், மனித மரபணுக்கள் பலவற்றில் இத்தகைய வரிசை வெகுதொலைவிலோ மரபணுவுக்குப் பின்னாலோகூட இருக்கக்கூடும் என்பதால், இருக்கும் திசையைப் பெயராக்குவது சரிவராது.

படியெடுப்பைக் கூட்டும் டாட் என்ற வைரஸ் புரதத்தை இச்சொல்லுக்குள் அடக்க வேண்டாம். அது பற்றுவது டி.என்.ஏ.வை அன்று, புதிதாக உருவாகும் ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்திலுள்ள டார் என்ற மடிப்பை.

சொற்பட்டியலில் எடுத்துக்காட்டாக இவ்வாக்கியத்தைச் சேர்க்கலாம்: “துணைவகை சியின் முடுக்குதளத்தில் பொதுவாக மூன்று கப்பா-பி பிணைவிடங்கள் உள்ளன.” பிணைவிடம் கூடினால் நோயும் கடுமையாகும் என்று எவரும் பொருள்கொள்ளாதபடி, அதனடியில் ஒரு குறிப்பும் வேண்டும். ‘தொடக்குதளம்’ ஒலிப்பதற்குச் சற்றுக் கரடுமுரடாக இருப்பதாகத் தோன்றினால், மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.