ஸ்கீ பூட் ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா? கணுக்காலில் பழைய சுளுக்கு

பனிக்குப்புதுசு:
அடுத்த மாதம் முதல்முறையாகப் பனிச்சறுக்குக்குப் போகிறேன். வலது கணுக்கால் முன்பு பலமாகச் சுளுக்கியது. மேடுபள்ளத்தில் நடந்தால் இன்னமும் மடங்கப் பார்க்கும். பூட் வாடகைக்குத்தான். ஒரு சைஸ் பெரிதாக எடுத்து, உள்ளே கணுக்கால் பட்டையும் இரண்டு ஜோடி சாக்ஸும் போட்டால் பாதுகாப்பா? ஸ்கீ, ஸ்னோபோர்டு, எது காலுக்கு நல்லது?

பூட்மேசை:
வாடகை பூட் மாட்டிவிடுவதுதான் என் வேலை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பெரிய சைஸ் வேண்டவே வேண்டாம். உள்ளே குதிகால் எழும்பினால் கால் திரும்பினாலும் ஸ்கீ உடனே திரும்பாது. விரல் முன்னால் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும்.

பாதத்தின் நீளத்தை அளந்து அந்த எண்ணையே கேளுங்கள், 26 செ.மீ. பாதத்துக்கு 26. உள்ளிருக்கும் மெத்தென்ற லைனரைக் கழற்றிவிட்டு வெறும் ஷெல்லுக்குள், அதாவது கெட்டியான வெளிக்கூட்டுக்குள், காலை விடுங்கள். விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் 2 செ.மீ. இடம் இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் சின்னது கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மாட்டும்போது குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளிய பிறகு பக்கிள் போடுங்கள். நேராக நின்றால் விரல் உரசும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விலகும். அப்படித்தான் இருக்க வேண்டும். சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியதாக, நீளமாக. இரண்டு போட்டால் கால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், பாதம் இன்னும் சில்லிட்டுப்போகும். உள்பேண்டை பூட்டுக்குள் செருகாதீர்கள். அந்த மடிப்பே கணைக்காலைப் புண்ணாக்கிவிடும்.

அப்புறம் பைண்டிங், அதாவது பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பிடி. எடை, உயரம், வயது, பூட்டின் அடிப்பகுதி நீளம், அனுபவம் எல்லாம் பார்த்துத்தான் அதை அமைப்போம். எடையைக் குறைத்தோ அனுபவத்தைக் கூட்டியோ சொல்லாதீர்கள். விழும்போது அது கழன்றால்தான் கால் முறுக்காமல் தப்பும்.

பிசியோ_அக்கா:
ஸ்கீ பூட் விறைப்பானது, கணுக்காலை அசையவிடாது. முறுக்கு முழங்காலுக்குப் போகும் என்பது வேறு கவலை. ஸ்னோபோர்டு பூட் மிருதுவானது, கணுக்கால் அடி அதில்தான் அதிகம். உங்கள் நிலையில் நான் ஸ்கீயைத்தான் சொல்வேன்.

ஸ்னோபோர்டுதான் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். குதித்து இறங்கியபின் வெளிக்கணுவுக்குச் சற்றுக் கீழே வலித்தால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். கணுக்காலுக்குள் இருக்கும் தாலஸ் எலும்பின் வெளி ஓரம் உடைந்திருக்கலாம், எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுவதுண்டு. வலி விடாவிட்டால் சி.டி. ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்றிலிருந்தே ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள், சுவருக்குப் பக்கத்தில். தடுமாறாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு. கூடவே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

பனிக்குப்புதுசு:
நன்றி அக்கா, ஸ்கீதான் முடிவு. அந்தப் பட்டை?

பூட்மேசை:
ஸ்கீ பூட்டுக்குள் வேண்டாம், தடித்த பட்டை கணுவில் அழுத்தி மரத்துப்போகவைக்கும். மருத்துவர் கட்டாயம் போடச் சொல்லியிருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், அதோடு சேர்த்தே பூட் பார்க்கலாம்.