டீக்கடைக் காட்சி: நிழல் சேறாகிறது, ஆவி காணாமல் போகிறது

தூரிகை_மதுரை:
வாட்டர்கலரில் ஒரு காட்சி வரைகிறேன்: காலை வெயிலில் தெருமுனை டீக்கடை. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருட்டு, பாய்லரிலிருந்து ஆவி, முன்னால் வெள்ளை வேட்டியில் ஒருவர். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) தாள், 28×38 செ.மீ. இருட்டுக்குக் கறுப்பும் பிரவுனும் கலந்தால் சேறு மாதிரி ஆகிறது. வேட்டி சாம்பலாகத் தெரிகிறது. ஆவிக்கு இடம் விட்டால் கத்தரித்து ஒட்டிய பஞ்சு போல நிற்கிறது. தாளும் நெளிகிறது. எங்கே தவறு?

நீர்க்கோலம்:
கறுப்பை எடுத்து வையுங்கள். அல்ட்ராமரைன் நீலம் 2 பங்கு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு 1 பங்கு. தார்ப்பாய்க்கு அடியில் இதுவே போதும். பேலட்டில் முழுக்கக் குழைக்காமல், ஈரத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுக் கலக்க விடுங்கள். ஓரிடம் நீலம் தூக்கலாக, ஓரிடம் பழுப்பாக நிற்கும். இருட்டுக்கு உயிர் வருவது அதனால்தான்.

ஆனால் சேற்றுக்குப் பெரிய காரணம் நேரம். முதல் பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது மறுபடி தூரிகை போட்டால் அடியிலுள்ள நிறம் கிளறிக்கொண்டு மேலே வரும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம், தொடக் கூடாது. காய்ந்ததும் நிறம் ஒரு படி வெளிறும். அதனால் முதல் தடவையே டீத் தண்ணீர் போல் இல்லாமல் மோர்ப் பதத்தில் அடர்த்தியாகப் போட்டுவிட்டு விலகுங்கள்.

வேட்டியில் வெயில் படும் பக்கம் வெறும் தாள்தான், ஒரு சொட்டு நிறமும் வேண்டாம். நிழல் பக்கம் கோபால்ட் நீலத்தில் துளி ரோஸ். அது ஈரமாக இருக்கும்போதே கரையோரம் கொஞ்சம் எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) விடுங்கள். தரையில் பட்ட வெயில் மேலே எகிறுவது அப்படித்தான் தெரியும். வேட்டியை வெள்ளையாகக் காட்டுவது அதன் பின்னால் இருக்கும் இருட்டு. ஆளை வெளிச்சமான சுவருக்கு முன்னால் நிறுத்தினால் எத்தனை கவனமாக வரைந்தாலும் சாம்பலாகவே தெரியும். ஒரு அடி நகர்த்தி, கடை வாசல் இருட்டுக்கு முன்னால் கொண்டுவாருங்கள்.

தாள்_தச்சன்:
நெளிவுக்குத் தாள்தான் காரணம். 300 ஜிஎஸ்எம், 100% பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது) வாங்குங்கள். இந்த அளவுக்கு நான்கு ஓரமும் டேப் ஒட்டினால் போதும். அரை ஷீட் (38×56) என்றால் 10 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப்பால் பலகையில் ஒட்டி, பலகையைப் படுக்கவைத்தே காயவிடுங்கள். சாய்த்து வைத்தால் ஒருபக்கம் முந்திக் காய்ந்து டேப் பிய்ந்துகொள்ளும்.

மே மாத மதுரையில் வாஷ் (நீர்த்த நிறப் பூச்சு) கோடு கோடாக நின்றால் முதலில் ஃபேனை நிறுத்துங்கள். தாளின் பின்பக்கத்தையும் நனைத்து ஒரு அக்ரிலிக் பலகைமேல் பரப்பினால் ஈரம் கூடுதல் நேரம் தங்கும். மழைக்காலத்தில் தொல்லை வேறு: ஈரக் காற்றில் கிடக்கும் தாளின் பசைப்பூச்சு கெட்டு, நிறம் மைஒற்றுத் தாளில் போல் புள்ளி புள்ளியாக உறிஞ்சப்படும். அதைச் சரிசெய்ய வழியில்லை. சிலிக்கா ஜெல் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பதுதான் பாதுகாப்பு.

தூரிகை_மதுரை:
நன்றி. ஆவிக்கு மாஸ்கிங் ஃப்ளூயிட் (நிறம் படாமல் தாளை மூடி, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்) சரியா? கடைசியில் வெள்ளை குவாஷ் (அடியை மறைக்கும் அடர்த்தியான நிறம்)?

நீர்க்கோலம்:
மாஸ்கிங் கூரான விளிம்புதான் தரும். கண்ணாடி டம்ளர் மினுங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆவிக்கு வேண்டாம். வெயிலில் காயவிட்டாலோ நாள்கணக்கில் விட்டாலோ தாளோடு பிய்த்துக்கொண்டு வரும்.

ஆவி எழும் இடத்தை மட்டும் முதலில் சுத்தத் தண்ணீரால் நனையுங்கள். சுற்றிலும் இருட்டைக் கொண்டுவந்து அந்த ஈரத்தின் ஓரத்தைத் தொட்டு நிறுத்துங்கள்; விளிம்பு தானே கரையும். தாளின் பளபளப்பு அடங்கும் தருணத்தில், பிழிந்த தூரிகையால் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் நிறத்தை எடுங்கள். அந்த நேரத்தில் தூரிகையில் தண்ணீர் தங்கியிருந்தால் காலிஃபிளவர் போல் ஓரம் நெளிந்த கறை பூத்துவிடும். பக்கத்தில் தாலோ நீலம் இருக்கவே கூடாது, அது தாளில் ஊறிவிடும், எடுக்க வராது.

குவாஷ் தப்பில்லை. ஆனால் தாளின் வெள்ளைக்குப் பக்கத்தில் அது சுண்ணாம்பு போல மங்கித் தெரியும். டம்ளர் விளிம்பில் இரண்டு புள்ளியோடு நிறுத்துங்கள்.

தாள்_தச்சன்:
ஒன்று விட்டுப்போனது. படத்தை விற்கப் போகிறீர்கள் என்றால் சட்டை, சேலை சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் வேண்டாம். ட்யூபில் பிஆர்83 (PR83) என்ற நிறமிக் குறியீடு இருந்தால் வெளிச்சத்தில் வெளுக்கும், பிவி19 (PV19) உள்ளதை எடுங்கள். ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவில் அமிலமற்ற மவுன்ட் அட்டை அவசியம். ஒட்டினாற்போல் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.