பேனியருக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றுக்காகச் சின்னக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நெடும்பயண பைக்குகளில் பெட்டி பொருத்துவது எப்படி என்பதுதான் விஷயம். எட்டுப் பக்கம் முடிந்துவிட்டது. தலைப்பு மட்டும் வைக்கவில்லை. பின்சக்கரத்தின் இருபுறமும் சட்டத்தில் மாட்டும் பெட்டியான பேனியருக்கு மனசுக்குப் பிடித்த தமிழ்ச்சொல் இன்னும் கிடைக்காததுதான் காரணம்.

இந்தக் கையேடு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கில் இரண்டு அலுமினியப் பெட்டிகள் மாட்டிக்கொண்டு மனாலியிலிருந்து லே போனேன். கட்டா லூப்ஸின் 21 வளைவுகளையும் ஏறியாயிற்று. பாங் வருவதற்குள் இடப்பக்கத்தில் டக் டக்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், பெட்டியைத் தாங்கும் கம்பிச் சட்டத்தின் கீழ்ப்பிடியில் நட்டைக் காணோம். போல்ட் பாதிக்குமேல் வெளியே வந்து நின்றது. பெட்டியின் எடை முழுவதும் மேலே இருந்த இரண்டு பிடிகளில் தொங்கியது. கூட வந்த நண்பரிடம் பழைய டியூபிலிருந்து அறுத்த ரப்பர் பட்டைகள் இருந்தன. அவற்றால் இழுத்துக் கட்டி, முப்பது நாற்பது வேகத்திலேயே லே போய்ச் சேர்ந்தேன்.

ஊர் திரும்பியதும் பெட்டியோடு வந்த தாளை எடுத்துப் படித்தேன். கீழ்ப்பிடி போல்ட்டுக்கு மரைப்பசை (மரை கழன்றுவிடாமல் பிடிக்கும் த்ரெட்லாக்கர் பசை) தடவ வேண்டும், 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் திரும்ப இறுக்க வேண்டும் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில். எனக்குப் பொருத்திக் கொடுத்த பையன் கைசுத்தமான வேலைக்காரன். ஆங்கிலம் படிக்க வராததால் படத்தைப் பார்த்துப் பொருத்தினான். படத்தில் பசை தெரியாது. அவனிடம் நான் என்ன குறை சொல்ல முடியும்? அந்தத் தாள் தமிழில் இருந்திருந்தால் அந்த நட்டு கழன்றிருக்காது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். குழுவில் முன்பு பேசியவற்றைத் தேடிப் பார்த்தேன். மூன்று சொற்கள் கிடைத்தன.

பக்கவாட்டுப் பெட்டி: பொருளில் தவறில்லை, ஆனால் நீளம். இதை வைத்து அடுத்த சொல்லை உண்டாக்க முடியவில்லை. ‘பக்கவாட்டுப் பெட்டிச் சட்டக் குறுக்குத்தண்டு’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். சுருக்கிப் பக்கப்பெட்டி ஆக்கலாம் என்றால், புல்லட்டில் டூல்ஸ் வைக்கிற பெட்டியையும் சைடு பாக்ஸ் என்றுதானே சொல்கிறோம்.

சேணப்பை: அழகான சொல். ஆனால் அது வேறு பொருள். சீட்டின்மேல் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடும் துணிப்பைதான் சேணப்பை. அதற்குச் சட்டம் தேவையில்லை. நாம் தேடுவது சட்டத்தில் பூட்டி நிற்பது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் பொருத்துகிற ஆள் குழம்பிவிடுவார்.

சுமைப்பெட்டி: எந்தப் பெட்டிதான் சுமை இல்லாதது?

என் முன்மொழிவு பொதிப்பெட்டி. பேனியர் என்ற சொல்லே ரொட்டியைக் குறிக்கும் பானிஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் அது ரொட்டிக் கூடை. அப்புறம் கழுதையின் இருபுறமும் தொங்கிய கூடை, அதற்குப் பிறகு சைக்கிளில், மோட்டார் சைக்கிளில். நம்மிடமும் பொதிமாடு, பொதிகழுதை உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்து போகும் கழுதைச் சாத்து வருகிறது. ‘மிரியல் புணர்ப்பொறை தாங்கிய வடுவாழ் நோன்புறத்து’ என்பது அந்த வரி. புணர்ப்பொறை என்றால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய சுமை. சுமை உரசி உரசி முதுகில் விழுந்த வடுவைக்கூடப் புலவர் விடவில்லை. பேனியர் என்ற பொருளை நாம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. புணர்ப்பொறையை அப்படியே எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் புணர் என்பதற்கு இன்று மக்கள் காதில் விழும் பொருள் வேறு. அதனால் பொதி.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

மடல் 2

அண்ணா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் காட்டிய சங்க வரியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் பொதிப்பெட்டி எங்கள் பக்கம் சரிவராது. பொதி என்றால் எங்களுக்குப் பார்சல். உலர் உணவுப் பொதி, சாப்பாட்டுப் பொதி, விமானத்தில் ஏறும்போது பயணப்பொதி, எல்லாம் தினமும் பேப்பரில் வருகிற சொற்கள். உந்துருளியில் பொதிப்பெட்டி என்று எழுதினால், பார்சல் கொண்டு திரிகிறவரின் பெட்டி என்றுதான் இங்கே விளங்கிக்கொள்வார்கள். அந்த வேலை செய்கிற பெடியன்கள் முதுகிலும் பின்னாலும் பெட்டியோடு ஓடுகிறார்கள்தானே. அதற்கும் நாளைக்கு ஒரு சொல் வேண்டும். அதற்கு இந்தச் சொல்லை விட்டுவைப்பது நல்லது.

இணைப்பெட்டி என்று யோசித்தேன், இரண்டு இருப்பதால். ஆனால் மின்சார வேலைக்காரர்களிடம் இணைப்புப் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு புகரம் தவறினால் வயர் பெட்டியாகிவிடும்.

வேறு சொல் தோன்றினால் எழுதுகிறேன். கையேடு முடிந்ததும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள் அண்ணா. என் தம்பியிடம் காட்ட வேண்டும்.

மடல் 3

வணக்கம் தம்பி. கையேடு என் பட்டறைக்கு என்பதால் நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். எனக்கு இலக்கணம் தெரியாது. வேலையைப் பற்றிச் சொல்கிறேன், சொல்லை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற பிள்ளைகள் எல்லாரும் எத்தனை லிட்டர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு லிட்டர் அப்புறம்தான். பெட்டி வண்டியின் விலாவில் ஒட்டி நிற்கணும், அதுதான் முதல் விஷயம். ஒவ்வொரு அங்குலம் வெளியே தள்ளும்போதும் ஆட்டம் கூடும். உங்கள் ஹிமாலயனில் வலப்பக்கம் சைலன்சர் மேலே தூக்கியிருக்கிறது. அந்தப் பக்கத்துச் சட்டத்தை வெளியே தள்ளித்தான் ஆகணும், இல்லையென்றால் பெட்டியின் உள்முகத்தில் சைலன்சருக்காகப் பள்ளம் வெட்டின மாடல் வாங்கணும். இரண்டு பக்கமும் ஒரே பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு, வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்று என்னிடம் வருகிறார்கள். வலப்பக்கம் 37 லிட்டர், இடப்பக்கம் 45 லிட்டர் என்று வைத்தால் வெளி அகலம் ஏறக்குறைய சமமாகிவிடும். எடையை நீங்கள் கையால் தூக்கிப் பார்த்துச் சமன் பண்ணிக்கொள்ளணும்.

இன்னொன்று. இரண்டு பக்கச் சட்டத்தையும் பின்னால் நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு குறுக்குத்தண்டு இணைக்கணும். அதைச் சில பேர் அழகு கெடுகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். வண்டி ஒரு தடவை சாய்ந்து விழுந்தால் போதும், சட்டம் உள்ளே வளைந்து டயரைத் தொடும். அதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

போல்ட்டை முதலில் விரலால் மட்டும் முடுக்கச் சொல்லுங்கள். நாலு முனையும் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானர் எடுக்கணும். ஒரு முனையை முதலிலேயே இறுக்கினால் மற்ற ஓட்டைகள் நேர்ப்படாது. அப்புறம் ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிசாக்குகிறார்கள், எல்லாம் கெட்டது.

மடல் 4

ஐயா, சொல்லை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ‘வண்டியின் விலாவில் ஒட்டி நிற்கணும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

விலாப்பெட்டி.

பலாப்பழம் போலச் சந்தி இயல்பாக விழுகிறது. விலா எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துத் தங்கை சொன்ன பார்சல் குழப்பம் இதில் இல்லை. மாட்டுக்கும் நாய்க்கும் விலாப்புறம் என்கிறோம், எனவே பொதிமாட்டின் நினைவும் விட்டுப்போகவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதை இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. விலா என்பது முதுகு அல்ல, வாலும் அல்ல. உடம்பின் நடுப்பக்கத்தில், தாழ, ஒட்டி இருப்பது. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் எடை போகப்போக முன்சக்கரம் லேசாகிறது. வேகத்தில் ஹேண்டில்பார் நடுங்குவதும் மண்ணில் முன்சக்கரம் வழுக்குவதும் அதனால்தான். ‘விலாவில் வை’ என்று சொன்னால் பொருத்துகிறவர் தானாகவே முன்னால் தள்ளி, கீழே இறக்கி மாட்டுவார். பக்கவாட்டு என்ற சொல்லில் இந்த அறிவுரை இல்லை.

மற்ற சொற்களையும் இதிலிருந்தே எடுத்துப் பார்த்தேன். பெட்டியைத் தாங்கும் கம்பி அமைப்பு விலாச்சட்டம். துணியில் செய்து சட்டத்தில் மாட்டுவது விலாப்பை. சேணப்பை தன் இடத்திலேயே இருக்கட்டும், சட்டம் இல்லாமல் சீட்டின்மேல் கிடப்பதற்கு. டாப் பாக்ஸ் என்பதை மேல்பெட்டி என்று சிலர் எழுதுகிறார்கள். நான் வால்பெட்டி என்று எழுத விரும்புகிறேன். அது இருப்பது வண்டியின் வாலில். வாலில் கனம் வைக்காதே என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது. ரெயின்கோட், கையுறை, பிஸ்கட் பாக்கெட் மாதிரி லேசானவை மட்டும் அங்கே. ஸ்பானர் செட்டும் தண்ணீரும் விலாப்பெட்டியின் அடியில்.

கையேட்டின் சில வரிகளில் சொற்களை வைத்துச் சோதித்தேன். நாக்கில் தடுக்குகிறதா என்று நீங்களும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

‘விலாப்பெட்டிகளின் வெளி அகலம் ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும். ஹிமாலயன் 411இன் அகலம் 840 மில்லிமீட்டர். ஹேண்டில்பார் நுழையும் இடத்தில் பெட்டியும் நுழைய வேண்டும்.’

‘சேலை கார்டைக் கழற்றாமல் விலாச்சட்டம் ஏறாத வண்டிகள் உண்டு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு இருக்க வேண்டும் என்கின்றன. விலாப்பெட்டியையும் சட்டத்தையும் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குள் ஓட்டும் நாட்களில் கார்டைத் திரும்ப மாட்டவும்.’

‘பெட்டி தயாரிக்கும் கிவி (Givi) நிறுவனம் தன் விலாப்பெட்டிகளுக்கு ஒரு பெட்டிக்கு 10 கிலோ வரைதான் என்கிறது. உங்கள் பெட்டியின் உள்மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும். வீட்டுத் தராசில் நிறுத்த பிறகே மாட்டவும்.’

‘மரைப்பசையில் நீலம் வாங்கவும். சிவப்பு வாங்கினால் பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.’

படித்தபோது எங்கேயும் தடுக்கவில்லை. ‘விலாச்சட்டக் குறுக்குத்தண்டு’கூட மூச்சு வாங்காமல் வருகிறது. ஐயா, குறுக்குத்தண்டைப் பெரிய எழுத்தில் போட்டாயிற்று.

பெட்டியா பையா என்று தேர்ந்தெடுக்கும் பகுதிக்கும் இந்தச் சொற்களால் தெளிவு கிடைத்தது. தார்ச்சாலையில் போய், லாட்ஜில் தங்கி, வண்டியை வெளியே நிறுத்துகிறவருக்கு விலாப்பெட்டி. பூட்டலாம், மழை புகாது. கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கு அது போதும். மணலும் சேறும் ஆற்றுக்கல்லுமாக இருக்கும் வழியில் போகிறவர் விலாப்பைதான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே கால் ஊன்றாமல் ஓட்ட முடியாது. ஊன்றிய கால் பின்னால் இழுபடும்போது, பெட்டியின் முன்முனை கெண்டைக்காலில் வந்து மோதும். வண்டி சாய்ந்தால் கால் பெட்டிக்கு அடியில் மாட்டும். துணிப்பை நசுங்கிக் கொடுக்கும், 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு கொடுக்காது. கால் எலும்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதைக் கையேட்டின் முதல் பக்கத்துக்கே கொண்டுபோய்விட்டேன்.

பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பும் சேர்த்திருக்கிறேன். மேற்பூச்சு இல்லாத அலுமினியப் பெட்டிக்குள் துணியை நேராக வைக்கக் கூடாது. நாள் முழுக்க அதிர்ந்து அதிர்ந்து, துணி தகட்டில் உரசிச் சாம்பல் கறுப்பாக ஒரு பொடி உதிரும். லேயில் நான் பெட்டியைத் திறந்தபோது என் வெள்ளை பனியன் ஈயப்பாத்திரம் துடைத்த துணி மாதிரி இருந்தது. விரலால் தொட்டால் ரேகை பதிந்தது. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. உள்ளே ஒரு பை வைத்து அதற்குள் துணி வைக்க வேண்டும். அதை உட்பை என்றே எழுதிவிட்டேன், இதற்குமேல் எளிதாக முடியாது.

தங்கைக்கு: உங்கள் ஊரில் விலா என்ற சொல் பேச்சில் இருக்கிறதா, வேறு ஏதாவது பொருள் தொனிக்கிறதா என்று தம்பியிடம் கேட்டு எழுதுங்கள். கையேட்டில் மோட்டார் சைக்கிள் என்று நான் எழுதிய இடங்களில், உங்களுக்கு அனுப்பும் படியில் உந்துருளி என்று மாற்றித் தருகிறேன்.

ஒரு சொல் மட்டும் பாக்கி. சட்டத்தில் பெட்டி வந்து உட்கார்ந்ததும், உள்ளேயிருந்து கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வட்டமான பிடி இருக்கிறதே, அதற்கு என்ன சொல்லலாம்? திருகுப்பூட்டு என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். ஸ்க்ரூ போல மரை இருப்பதாக நினைத்து யாராவது சுற்றிக்கொண்டே இருப்பார்களோ என்று பயம். ஐயா, பட்டறையில் பையன்கள் அதை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? வியாழன் இரவுக்குள் தெரிந்தால் நல்லது.

மடல் 5

தம்பி, பையனைக் கேட்டேன். அவன் அதைக் காது என்கிறான். காதைத் திருப்பினால் பெட்டி பிடிக்கும் என்கிறான். காது என்றே போட்டுவிடுங்கள்.