மலேரியாக் கிருமி மூளைக்குள் எப்படிப் போகிறது?

வெண்ணாற்றங்கரை:
அண்ணன் ஒடிசாவில் கோராபுட் பக்கம் ரோடு வேலையில் மேஸ்திரி. பொங்கலுக்குக் குடும்பத்தோடு மன்னார்குடி வந்த நாலாம் நாள் பையனுக்குக் குளிர்காய்ச்சல், வயது 5. பக்கத்தில் காட்டினோம், சளிக் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது, அப்புறம் பிள்ளை கண்ணே திறக்கவில்லை. ஜன்னி கண்டிருக்கிறது, மந்திரிக்கலாம் என்றார் அப்பாயி. நல்லவேளை, அண்ணி கேட்கவில்லை. கார் பிடித்துத் தஞ்சாவூர் போனோம், ரத்தம் பார்த்து மூளை மலேரியா என்றார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். கொசு கடித்தது காலில், கிருமி இருப்பது ரத்தத்தில், அது மூளைக்குள் எப்படிப் போனது?

சம்பாக்காரன்:
தம்பி, அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கும். வயல் கொசுவால் வருவது அதுதான்.

குடந்தை லேப்:
இல்லை அண்ணே, அது வைரஸ், மூளைச் செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும். மலேரியா அப்படி இல்லை. கிருமி மூளைக்குள் போவதே கிடையாது! கடைசிவரை ரத்தக்குழாய்க்குள் சிவப்பணுவில்தான் இருக்கிறது.

இது ஃபால்சிபாரம் வகை. சிவப்பணுவுக்குள் வளர்ந்து பெருகி அதை உடைத்துக்கொண்டு வெளியேற இதற்கு 48 மணி நேரம் ஆகும். கெட்டுப்போன அணு மண்ணீரல் வழியாகப் போனால் அங்கேயே வடிகட்டி அழிக்கப்படும். அதிலிருந்து தப்பிக்க, பாதி வளர்ந்ததும் அணுவின் மேல்பரப்பில் ஒட்டும் புரதம் ஒன்றை நீட்டிவிடுகிறது, குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. நம் உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டால் வேறு புரதத்துக்கு மாறிக்கொள்ளும், அதற்கென்றே சுமார் 60 மரபணுக்கள் வைத்திருக்கிறது. எமகாதகப் பயல்.

மூளையின் நுண்குழாய்களில் இப்படி ஒட்டினால் நம் ஊர்க் கதைதான். ஆகாயத்தாமரை வடிகாலை அடைத்துக்கொண்டால் மேலே தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், வயல் முழுகும். மூளையும் அப்படித்தான், ரத்தம் வடிய வழி இல்லாமல் தேங்குகிறது, குழாய்ச் சுவர் புண்ணாகி நீர் கசிகிறது, மூளை வீங்குகிறது. மண்டை ஓடு விரியுமா என்ன? மலாவியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. அதில் இறந்துபோன 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. மூச்சை நடத்தும் அடிமூளை நசுங்கி மூச்சு நின்றுவிடுகிறது.

இன்னொன்று, முற்றிய கிருமி எல்லாம் சுவரில் ஒட்டிக்கொள்வதால் விரலில் எடுத்த ரத்தத்தில் இளசு மட்டும்தான் தெரியும். தகட்டில் நாலைந்துதான் இருக்கிறது, லேசான மலேரியா என்று நினைத்தால் ஏமாந்தோம். கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தால் மூளைக்குழாயில் நடப்பது அங்கேயே தெரியும்.

பட்டுக்கோட்டை பெரியவர்:
மேட்டூர் அணை 1934இல் வந்து, புதிதாய் வெட்டிய கல்லணைக் கால்வாயில் எங்கள் தாலுகாவுக்குத் தண்ணீர் பாய்ந்தபோது அதோடு மலேரியாவும் வந்தது. ரஸ்ஸல் என்ற அமெரிக்க டாக்டர் இங்கே தங்கி ஆராய்ச்சி செய்தார். பராமரிப்பில்லாத வாய்க்காலும் கசிவு நீரும்தான் காரணம் என்று எழுதினார். இப்போதும் தூர் வாரச் சொல்லி மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி லேப் அண்ணா. ஆனால் ஒரே வீட்டில் இருந்த அண்ணனுக்கு ஒன்றுமில்லை, பையனுக்கு மட்டும் ஏன்?

வார்டு சிஸ்டர்:
அண்ணனைக் கொசு கடிக்காமல் இருந்திருக்கலாம். இல்லை, அங்கேயே பல வருஷம் இருந்து காய்ச்சல் வந்து வந்து கொஞ்சம் எதிர்ப்பு சேர்ந்திருக்கலாம். ஆப்பிரிக்காவில் 5 வயதுக்குள் உள்ள பிள்ளைகளே அதிகம் சாவது அதனால்தான். நம் டெல்டாவிலேயே இருப்பவர்களுக்கு அந்த எதிர்ப்பும் கிடையாது, வளர்ந்த ஆள் ஒடிசா போய் வந்தாலும் இதே ஆபத்துதான்.

பையனுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டிருப்பார்கள். முன்பு குயினைன்தான், ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் பார்த்த பெரிய ஆய்வில் குயினைனில் 10.9 சதவீதம் இறப்பு, இதில் 8.5. ஆனால் பிழைத்ததோடு விட்டுவிடாதீர்கள். சில பிள்ளைகளுக்குப் பின்னால் வலிப்பு திரும்ப வரும், பேச்சு, படிப்பு, ஞாபகம் மந்தமாகும். பள்ளிக்கூடத்தில் பழைய மாதிரி இருக்கிறானா என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள், குழந்தை டாக்டரிடம் சில மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
சரிக்கா. இன்றைக்கு ஒன்று முதல் இருபது வரை தப்பில்லாமல் சொன்னான். பதினேழில் மட்டும் நின்றான், அது முன்பும் நிற்பானாம், அண்ணி சொல்கிறார்.