பிள்ளைகளின் குடல்வால் வலி: ரத்த ரிப்போர்ட்டை எப்படிப் பார்த்தோம்? டெல்டா பக்கத்து அனுபவங்கள்

நீடாமங்கலம், ஒன்பது வயசுப் பொண்ணோட அம்மா:

குழந்தைக்கு வயித்து வலின்னு போனா முதல்ல ரத்தம் எடுக்கச் சொல்றாங்க. ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் வீட்டுல எல்லாருக்கும் உயிர் வந்துடுது. அந்த நார்மல் எத்தனை மணி நேரத்துக்குச் செல்லும்னு போன ஐப்பசியிலதான் புரிஞ்சுக்கிட்டேன். உங்க வீட்டுலயும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க, மத்தவங்களுக்கு உதவும்.

ராத்திரி சாப்பாட்டு நேரத்துல தொப்புளைச் சுத்தி வலிக்குதுன்னா. ரசம் சாதம்கூட வேண்டாம்னுட்டா. அவ அப்பாயி தொப்புள்ல விளக்கெண்ணெய் வெச்சாங்க, விடிஞ்சதும் தொக்கம் எடுத்துட்டு வந்துடலாம்னாங்க. விளக்கெண்ணெயை உள்ளுக்கும் கொடுக்கலாம்னு பேச்சு வந்தப்போ அதுக்கு மட்டும் நான் சம்மதிக்கலை. வயித்து வலி என்னன்னே தெரியாம பேதிக்குக் கொடுக்கக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லிச் சொல்லி மனசுல பதிஞ்சிருந்தது.

அடைமழை நேரம். தெருவுல பாதி வீட்டுல காய்ச்சல். டெங்குவா இருக்குமோங்கிற பயத்துலதான் விடிஞ்சதும் குழந்தை டாக்டர்கிட்ட ஓடினோம். வெள்ளை அணுக்கள் 9,400, சிஆர்பி (உடம்புக்குள்ள அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம்) நெகட்டிவ். நாங்க கிளம்பவே எழுந்துட்டோம். டாக்டர் உட்காரச் சொல்லி, வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு திரும்பவும் கேட்டார். "இன்னும் பன்னெண்டு மணி நேரம் ஆகலைம்மா. இது விடிகாலையில எடுத்த ரத்தம், மத்தியானத்துக்கு இது பதில் சொல்லாது. வலி வலது பக்கம் இறங்கினா உடனே வாங்க, இறங்காட்டியும் சாயங்காலம் வாங்க"ன்னார்.

சாயங்காலம் வரைக்கும் போகலை. மத்தியானமே வலி வலது அடிவயித்துக்கு வந்துடுச்சு, ரெண்டு தடவை வாந்தி. மறுபடி எடுத்த ரத்தத்துல வெள்ளை அணுக்கள் 16,800, அதுல நியூட்ரோஃபில்ங்கிற வகை அணு 84 சதவீதம், சிஆர்பி 38. ஆனா டாக்டர் அந்தப் பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டார்னு நினைக்கிறேன். கிளினிக் வாசப்படியிலேருந்து குதிச்சு இறங்கு பாப்பான்னார். எப்பவும் ரெண்டு படியாத் தாவி இறங்குற பிள்ளை அது. அன்னைக்கு வலது காலை லேசா மடக்கி, என் புடவையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. இறங்கவே மாட்டேன்னுட்டா.

ஸ்கேன்ல குடல்வால் ஒன்பது மில்லிமீட்டர் இருந்தது. ஆறுக்கு மேல போய், அமுக்கினாலும் அமுங்காம இருந்தா வீக்கம்னு அர்த்தமாம். அன்னைக்கு ராத்திரியே லேப்ராஸ்கோப்பில எடுத்துட்டாங்க. வெடிக்கலை.

கும்பகோணம், லேப் டெக்னீசியன்:

அந்த டாக்டர் மணி கேட்டது ரொம்பச் சரி. எங்க வேலையில இதைத்தான் தினம் பார்க்கிறோம். வெள்ளை அணுக்கள் முதல்ல ஏறும். சிஆர்பி கல்லீரல்ல உற்பத்தியாகிற புரதம், அழற்சி ஆரம்பிச்சு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழிச்சுத்தான் ரத்தத்துல தெரிய ஆரம்பிக்கும், உச்சத்துக்கு வர ஒன்றரை ரெண்டு நாள் ஆகும். அதனால வலி வந்து நாலு மணி நேரத்துல எடுத்த சிஆர்பி நெகட்டிவா இருந்தா அதை வெச்சு நிம்மதி அடைய முடியாது. ரெண்டு நாளா வலிக்கிற பிள்ளைக்கு வெள்ளை அணுவும் சிஆர்பியும் ரெண்டுமே நார்மல்னா, அதுக்கு மதிப்பு அதிகம்.

சின்ன லேப்ல சிஆர்பி எப்படிப் பார்க்கிறோம்னு சொல்றேன். கறுப்பு வட்டம் போட்ட ஸ்லைடுல ஒரு சொட்டு சீரம் (ரத்தத்துலேருந்து பிரிச்ச தெளிஞ்ச நீர்), ஒரு சொட்டு லேடெக்ஸ் திரவம். குச்சியால கலந்து, ரெண்டு நிமிஷம் ஸ்லைடை மெல்ல ஆட்டணும். சிஆர்பி லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல இருந்தா பால் திரிஞ்ச மாதிரி வெள்ளையாத் துகள் கட்டும், இல்லைன்னா வழவழன்னே இருக்கும். இதுல வர்றது பாசிட்டிவ், நெகட்டிவ் மட்டும்தான். 7 இருந்தாலும் பாசிட்டிவ், 170 இருந்தாலும் பாசிட்டிவ். குடல்வால் சந்தேகத்துக்கு எண் போட்ட ரிப்போர்ட் வேணும், கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, நியூட்ரோஃபில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீங்க. மொத்த அணுக்களோட பெருக்கிப் பாருங்க. நீடாமங்கலம் அம்மா சொன்ன 16,800ல 84 சதவீதம்னா 14,000க்கு மேல. குழந்தைகளுக்கான கணக்குல 7,500 தாண்டினாலே கவனிப்பாங்க. டெங்குல இதுக்கு நேர்மாறா வெள்ளை அணுக்கள் குறையும், தட்டணுக்களும் இறங்கும். டைஃபாய்டுலயும் பெரும்பாலும் ஏறாது. மழைக்காலத்துல வலது பக்க வயித்து வலியோட காய்ச்சல் வந்தா இந்த வித்தியாசம் டாக்டருக்கு ரொம்ப உதவும்.

வேதாரண்யம் பக்கம், நாலு வயசுப் பையனோட அப்பா:

எங்க கதை வேற. சின்னப் பிள்ளைக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது, கேட்டா வயிறு முழுக்கக் காட்டுவான். வயித்துப்போக்கும் காய்ச்சலும் இருந்ததால ஒரு இடத்துல வயித்துப்போக்குன்னே மருந்து கொடுத்தாங்க. அஞ்சு வயசுக்குக் கீழ குடல்வால் கண்டுபிடிக்கிறதுக்குள்ள வெடிச்சுடறது அதிகம்னு பின்னாடிதான் சொன்னாங்க. இவனுக்கும் வெடிச்சிருந்தது.

ஊர் லேப்ல எடுத்த சிஆர்பி 96. 108ல தஞ்சாவூர் போய்ச் சேர்ந்ததும் எடுத்தது 14.2. என் மச்சான் பேப்பரைப் பார்த்துட்டு, "மாமா, இறங்கிடுச்சு"ன்னு கண் கலங்கிட்டான். டியூட்டி டாக்டரம்மா ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. முதல் லேப் ஒரு லிட்டருக்குக் கணக்குப் போட்டிருந்தது, இவங்க டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிக்கு. பத்தால பெருக்கணும். 96 ஏறி 142 ஆகியிருந்தது. தயவுசெஞ்சு எண்ணுக்குப் பக்கத்துல சின்னதா அச்சடிச்சிருக்கிற அளவைப் பாருங்க. பிள்ளையைத் தூக்கிட்டு ரெண்டு ஊர் லேபுக்கு ஓடுற நம்மளுக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

ரத்தத்துல சோடியம்ங்கிற உப்பு 131, மஞ்சள் காமாலைக்குப் பார்ப்பாங்களே அந்த பிலிரூபின் லேசா கூட. சோடியம் 135க்குக் கீழ போறதும் பிலிரூபின் ஏறுறதும் வெடிச்ச குடல்வால்ல அதிகம் காணப்படும்னாங்க. அது மட்டுமே நிரூபணம் இல்லையாம், ஆனா சீக்கிரம் முடிவெடுக்க உதவுமாம். புரோகால்சிடோனின்னு ஒரு டெஸ்டும் எடுத்தாங்க. சாதாரண வீக்கத்துல அது ஏறாமயே இருக்கலாம், தொற்று வயித்துல பரவியிருக்கான்னு பார்க்கத்தான் அது உதவும்னாங்க.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் சிஆர்பி இன்னும் ஏறினதைப் பார்த்து நான் பதறிட்டேன். கத்தி பட்ட உடம்புல அது ஏறத்தான் செய்யும், கணக்குல எடுக்கிறது அதுக்கப்புறம் வர்றதைத்தான்னு சொன்னாங்க. காரணம் அடங்கிட்டா ரத்தத்துல இருக்கிற சிஆர்பி ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகும். அதே மாதிரி இறங்கிக்கிட்டே வந்தது. அப்புறம் இறக்கம் நின்னு மறுபடி ஏறுச்சு, ராத்திரி காய்ச்சலும் வந்துச்சு. ஸ்கேன் எடுத்தா உள்ள சீழ் கட்டியிருந்தது. குழாய் வெச்சு எடுத்தாங்க, ஆன்டிபயாடிக் மாத்தினாங்க. அந்த ஏற்றத்தைப் பார்க்காம வீட்டுக்கு அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னமும் நெஞ்சு பதறுது. இப்ப உப்பளத்துப் பக்கம் சைக்கிள் ஓட்டிக்கிட்டுத் திரியறான்.

தஞ்சாவூர், குழந்தைகள் வார்டு நர்ஸ்:

வேதாரண்யம் அண்ணன் எழுதினதைப் படிச்சுக் கண் கலங்கிடுச்சு. ஒரு விஷயம் சேர்க்கிறேன். 2002ல மதன் சாமுவேல் என்கிற டாக்டர் குடல்வால் வீக்கமான்னு கணிக்கக் குழந்தைகளுக்குன்னே ஒரு ஸ்கோர் வெளியிட்டார், மொத்தம் பத்து மார்க். அதுல ரத்தத்துக்கு ரெண்டே ரெண்டு: வெள்ளை அணுக்கள் 10,000 தாண்டினா ஒண்ணு, நியூட்ரோஃபில் ஏறினா ஒண்ணு. வலது அடிவயித்தைத் தொட்டா வலிக்கிறதுக்கு ரெண்டு, இருமினா, குதிச்சா, தட்டினா வலிக்கிறதுக்கு ரெண்டு. மிச்சம் நாலும் வலி இடம் மாறுறது, பசியின்மை, வாந்தி, காய்ச்சல். ஆக எட்டு மார்க் பிள்ளைகிட்டயே இருக்கு. படியில குதிக்கச் சொன்ன டாக்டர் அதைத்தான் பார்த்தார்.

எண் ஏறினாலே ஆபரேஷன்னும் பயப்பட வேண்டாம். சளி பிடிச்சிருந்த ஒரு ஏழு வயசுப் பிள்ளைக்கு வெள்ளை அணுக்கள் 13,000 இருந்தது, வலது பக்கம் வலி. ஸ்கேன்ல குடலைச் சுத்தி நெறிகட்டி இருந்தது, குடல்வால் சாதாரணமா இருந்தது. ராத்திரி வார்டுலயே வெச்சுப் பார்த்தோம். காலையில அணுக்கள் குறைஞ்சு, பிள்ளை இட்லி கேட்டான். அனுப்பிட்டாங்க. ஆஸ்துமாவுக்கோ அலர்ஜிக்கோ ஸ்டீராய்டு மருந்து சாப்பிடற பிள்ளைன்னா அதை முதல்லயே சொல்லிடுங்க, அந்த மருந்தே வெள்ளை அணுவை ஏத்திடும்.

பட்டுக்கோட்டை, ஒரு தாத்தா:

பேத்திக்கு நேத்து ராத்திரியிலிருந்து வயித்து வலி. காலையில வெறும் வயித்துல அழைச்சுக்கிட்டுப் போகணுமா? ரெண்டாவது தடவையும் அதே லேபுக்குத்தான் போகணுமா?

கும்பகோணம், லேப் டெக்னீசியன்:

ஐயா, காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வெள்ளை அணு, சிஆர்பி ரெண்டு டெஸ்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. ஆனா ஆபரேஷன் தேவைப்பட்டா மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியா இருக்கணும், அதனால டாக்டர் பார்க்கிற வரைக்கும் சாப்பாடு கொடுக்காதீங்க. ரெண்டாவது தடவையும் அதே லேபா இருந்தா ஒப்பிடச் சுலபம். வேற இடம்னா முதல் பேப்பரைக் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க, அதுமேல வலி ஆரம்பிச்ச நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் பேனாவால எழுதிடுங்க.