காப்பி பூக்க எத்தனை நாள்? நான்காம் வகுப்பின் ஆய்வும் ஒரே ஒரு கைப்பேசியும்

மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு:
அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டை அடுத்த சிற்றூரில் உள்ள ஈராசிரியர் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். சென்ற ஆண்டு மார்ச்சில் கோடை மழை பெய்த மறுநாள், "இனிமே காப்பி பூத்துடும் டீச்சர்" என்று ஒரு சிறுமி சொல்ல, "எத்தனை நாள்ல?" என்று பின் வரிசைப் பையன் கேட்டான். நான் உடனே கைப்பேசியில் தேடினேன். எட்டு முதல் பத்து நாள் என்று விடை வந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டு எல்லோரும் அடுத்த பாடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பூத்த அன்று தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைக் கொன்றது நான்தான்.

இந்த ஆண்டு பிள்ளைகளே கண்டறியட்டும் என்று நினைக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி. சிக்னல் பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறைமேல் ஏறினால்தான் கிடைக்கும். இவற்றைக் கொண்டு என்ன செய்யலாம்?

அறிவியல் ஆசிரியர், சேலம்:
வணக்கம் அம்மா. கைப்பேசியை விடை சொல்லும் கருவியாக அல்லாமல், நினைவில் வைத்துக்கொள்ளும் கருவியாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு செடியில் ஒரு கிளையைத் தேர்ந்து சிவப்பு நூல் கட்டச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே தொலைவிலிருந்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுக்கட்டும். குழந்தை நாளைக் குறிக்க மறந்தாலும் படத்தின் விவரத்தில் தேதியும் மணியும் இருக்கும். பத்துப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்க்கும்போது மொட்டு எந்த நாளில் வெளுத்து நீண்டது என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

மழைமானிக்குக் காசு வேண்டாம். நேரான பக்கங்கள் கொண்ட தண்ணீர்ப் புட்டியின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைக்க வேண்டும். அடிப்பாகம் வளைந்திருப்பதால், வளைவு மறையும் வரை கூழாங்கல் போட்டு நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் குறிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் எல்லா அளவும் பிழையாகும். அளவுகளை அட்டவணையாகப் பதியும் கூகுள் ஷீட்ஸ் செயலியை இணையமின்றிப் பயன்படுத்த முன்பே அமைத்துவைத்தால், பதிந்ததெல்லாம் பாறைமேல் போகும்போது தானாக இணையத்தில் ஏறிவிடும். ஆனாலும் முதல் வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளில் கையால் வரையச் சொல்வேன். ஷீட்ஸ் ஒரு நொடியில் போடும் கோடு எதைக் காட்டுகிறது என்பது அதன் பிறகுதான் புரியும்.

தோட்டக்காரர், சேர்வராயன் மலை:
நான் ஆசிரியர் அல்லன். காப்பியோடு பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் இரண்டு சொல். வறட்சியில் உறங்கிக் கிடக்கும் மொட்டை நல்ல மழைதான் எழுப்பும். தூறல் போதாது, அரைகுறை மழையில் மொட்டு சரியாக விரியாமல் கெட்டுப்போவதும் உண்டு. ஆகவே எத்தனை நாள் என்பதோடு எத்தனை மில்லிமீட்டர் என்பதும் கேள்வியாக வேண்டும். தெளிப்பு நீர் விடும் தோட்டங்களும் உண்டு என்பதால், பிள்ளைகள் தேர்ந்த செடிக்கு மனிதர் யாரும் தண்ணீர் காட்டவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையேல் மழைக்குப் பூத்ததாக நினைத்து ஏமாறுவார்கள். பூ விரிந்தபின் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும், ஆகவே அந்த வாரத்தில் சனி, ஞாயிறு பாராமல் படம் எடுக்க ஆள் வேண்டும்.

பழம் பறிக்கும் பாட்டிகளிடம், அனுமதி கேட்டுவிட்டு, கைப்பேசியில் பேச்சைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் நாள் கணக்கும் பிள்ளைகளின் அட்டவணையும் ஒத்துப்போகிறதா என்பதே ஒரு தனி ஆய்வு.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, ஓமலூர்:
ஒரு எச்சரிக்கை. சென்ற ஆண்டு பூச்சிகளை அடையாளம் காணும் செயலியொன்றில் எங்கள் பிள்ளைகளின் பெயரிலேயே கணக்குத் தொடங்கிவிட்டு, பிறகு பெற்றோரிடம் விளக்கம் சொல்லும் நிலை வந்தது. படத்தைப் பார்த்து உயிரினங்களை அடையாளம் காணும், ஐநேச்சுரலிஸ்ட் குழுவின் 'சீக்' செயலிக்குக் கணக்கே தேவையில்லை. உறுதியாகத் தெரியாதபோது அது இனத்தைச் சொல்லாமல் பேரினத்தோடு (நெருங்கிய இனங்களின் தொகுதி), சில நேரம் அதைவிடப் பெரிய தொகுதியான குடும்பத்தோடு நின்றுவிடும். 'இதற்கு மேல் நாங்கள்தான் பார்க்க வேண்டும்' என்று பிள்ளைகள் உருப்பெருக்கியை எடுப்பதைக் கண்டிருக்கிறேன். படங்களில் குழந்தைகளின் முகம் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு:
அனைவருக்கும் நன்றி. புட்டியை நேற்று முன்தினம் வைத்தோம். மழை பெய்யவே இல்லை. ஆனால் விடியற்காலை மூடுபனிக்குப் பிறகு பார்த்தால், சுழியக் கோட்டுக்குச் சற்று மேலே நீர் நிற்கிறது. இதை மழைப் பத்தியில் எழுதுவதா, பனிக்குத் தனிப் பத்தி போடுவதா என்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. அந்த நீரைச் செடி எடுத்துக்கொள்ளுமா என்று தோட்டக்கார ஐயாவிடம் கேட்கச் சொல்லிப் பின் வரிசைப் பையன் நச்சரிக்கிறான்.